பெயர் நீண்டதால் ப்ளேயரில் திறக்காத வீடியோக்களைத் திறக்க வைப்பது எப்படி

இரண்டு வாரம் நான் இதோடு மல்லுக்கட்டினேன். இணையவழி வகுப்புப் பதிவுகள் நாற்பது சொச்சம் இருந்தன. பழைய கணினியிலிருந்து புதியதற்கு மாற்றினேன். பாதி ஓடின, மீதி ஓடவில்லை. டபுள் கிளிக் செய்தால் ப்ளேயர் திறக்கும், ஒரு கணம் கறுப்புத் திரை தெரியும், அப்புறம் 'கோப்பைத் திறக்க முடியவில்லை' என்று ஒற்றை வரி. ஏன் என்று சொல்லாது. கோடெக் பேக் (வீடியோ வகைகளைப் படிக்க உதவும் மென்பொருள் தொகுப்பு) போட்டேன். ப்ளேயரை மூன்று முறை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். கடைசியில், கோப்புதான் கெட்டுவிட்டது என்று நானே தீர்ப்பு எழுதி இரண்டு பதிவுகளை அழித்தும் விட்டேன். அவற்றில் ஒரு குறையும் இருந்திருக்காது என்று இப்போது தெரிகிறது, தெரிந்து என்ன செய்ய.

காரணம் இதுதான்: விண்டோஸில் ஒரு கோப்பின் முழுப் பாதைக்கு, அதாவது அது இருக்கும் ஃபோல்டர்களையும் சேர்த்த முகவரிக்கு, நெடுங்காலமாக 260 எழுத்து என்று ஒரு வரம்பு உண்டு. டிரைவ் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வரும் எம்பி4 வரை எல்லாமே அதில் அடக்கம். முடிவைக் குறிக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியீடும் அந்தக் கணக்கில் வருவதால் நமக்குக் கிடைப்பது 259 மட்டுமே. அதைத் தாண்டினால் பல ப்ளேயர்களுக்கு அந்தக் கோப்பு இருப்பதே தெரியாது. வட்டுக்கு இதனால் சிக்கல் இல்லை. விண்டோஸ் வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் என்டிஎஃப்எஸ் முறையில் பாதை 32,000 எழுத்துக்கு மேலும் போகலாம். அதனால்தான் கோப்பு வட்டில் பத்திரமாக இருக்கிறது, ஆனால் திறக்க மாட்டேன் என்கிறது.

செலவு, நேரம் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செலவு ஒன்றும் இல்லை. கீழே வரும் எல்லாமே கணினியில் ஏற்கெனவே இருப்பவை, அல்லது இலவசமாகக் கிடைப்பவை. 'வீடியோ ரிப்பேர்' என்று காசு கேட்கும் மென்பொருள் எதையும் இதற்காக வாங்க வேண்டாம், கெடாததை அது எப்படிச் சரிசெய்யும்? நேரம், ஒன்றிரண்டு கோப்பு என்றால் பத்து நிமிடம். நூற்றுக்கணக்கில் இருந்தால் ஒரு மாலைப்பொழுது போகும். கையில் இருக்க வேண்டியவை: கணினியின் அட்மின் கடவுச்சொல் (ஏழாவது படிக்கு மட்டும்), கொஞ்சம் காலி இடம், பழைய பெயர்களை எழுதி வைக்க ஒரு நோட்பேட் கோப்பு.

1. நீளம்தான் காரணமா என்று முதலில் உறுதி செய்யுங்கள்

திறக்காத கோப்பு ஒன்றை எடுத்து, டி டிரைவின் மேல்மட்டத்தில், எந்த ஃபோல்டருக்குள்ளும் போடாமல், நகலெடுத்து வையுங்கள். கட் செய்ய வேண்டாம், காப்பி மட்டும். நகலுக்கு '1' என்று பெயர் கொடுங்கள். இப்போது அதைத் திறந்து பாருங்கள். ஓடினால் கோப்பும் நலம், ப்ளேயரும் நலம், கோளாறு பெயரிலோ பாதையிலோ இருக்கிறது. ஓடவில்லை என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கு உதவாது. கோடெக்கையோ கோப்பையோதான் பார்க்க வேண்டும்.

சில நேரம் காப்பி செய்யும்போதே 'பெயர் மிக நீளம்' என்ற பெட்டி வந்து நிற்கும். ஒருவகையில் நல்லதுதான், சோதிக்காமலே விடை கிடைத்துவிட்டது.

ஓடிய நகலுக்கு இப்போது 'கோப்பு' என்று தமிழில் சின்னதாகப் பெயர் மாற்றி மறுபடி திறந்து பாருங்கள். '1' என்றால் ஓடுகிறது, 'கோப்பு' என்றால் ஓடவில்லை என்றால் உங்கள் சிக்கல் நீளம் இல்லை. அந்த ப்ளேயருக்கு யூனிகோடு, அதாவது எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறை, தெரியவில்லை. பழைய, யூனிகோடு அறியாத மென்பொருள்கள் விண்டோஸின் பழைய எழுத்துப் பட்டியல்களை நம்பி எழுதப்பட்டவை. அவற்றில் தமிழுக்கு இடமே கிடையாது, விண்டோஸில் தமிழ் வந்ததே யூனிகோடு வழியாகத்தான். அப்படிப்பட்ட ப்ளேயரில் தமிழ்ப் பெயர் வெறும் கேள்விக்குறிகளாகத் தெரியும். அதற்கு மருந்து ப்ளேயரை மாற்றுவதுதான். பெயரைச் சுருக்கிக்கொண்டு உட்கார வேண்டாம்.

2. முழுப் பாதையை எண்ணுங்கள்

நான் ஒரு நாள் முழுக்கச் சறுக்கியது இங்கேதான். கோப்பின் பெயரை மட்டும் எண்ணினேன். 140 எழுத்து. 'வரம்புக்குள்தானே இருக்கிறது' என்று விட்டுவிட்டேன். அது உட்கார்ந்திருந்த ஃபோல்டர்களையும் சேர்த்து எண்ணியபோது 283 வந்தது.

எண்ணும் முறை எளிது. கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து 'காப்பி ஆஸ் பாத்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 10இல் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக் செய்தால்தான் அது கண்ணில் படும், விண்டோஸ் 11இல் நேரடியாகவே இருக்கிறது. அதை எக்செல் போன்ற விரிதாளில் ஏ1 கட்டத்தில் ஒட்டி, பக்கத்துக் கட்டத்தில் எல், இ, என் என்ற மூன்றெழுத்து ஃபார்முலாவைப் போட்டு ஏ1ஐக் காட்டினால் எண் வந்துவிடும். பாதையின் இரு முனையிலும் மேற்கோள் குறி ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் 2 கழித்துக்கொள்ளுங்கள். 259க்கு மேல் போனால் அதுதான் குற்றவாளி.

கையால் எண்ணாதீர்கள், அதுவும் தமிழ்ப் பெயரை. நாம் எண்ணும் எழுத்து வேறு, கணினி எண்ணும் எழுத்து வேறு. 'கோப்பு' என்பது நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு ஆறு: க, ஓகாரக் குறி, ப, புள்ளி, ப, உகரக் குறி. 'வகுப்பு' நமக்கு நான்கு, அதற்கு ஏழு. தமிழில் பெயர் வைப்பவர்கள் தெரியாமலே இந்த வரம்பை முட்டுவது இதனால்தான்.

3. தொடுவதற்கு முன் ஒரு பட்டியல்

ஃபோல்டரில் உள்ள கோப்புகளை எல்லாம் தேர்ந்தெடுத்து, அதே 'காப்பி ஆஸ் பாத்' கொடுத்து, ஒரு நோட்பேட் கோப்பில் ஒட்டிச் சேமியுங்கள். அரை நிமிட வேலை. பெயரைச் சுருக்கிய பிறகு '07 - இது எந்தத் தேதி வகுப்பு?' என்று விழிக்கும்போது இதுதான் துணை. நான் முதல் பத்துக் கோப்புகளுக்கு இதைச் செய்யவில்லை. பிறகு ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்து அடையாளம் கண்டேன்.

நோட்பேட் கோப்பைச் சேமிக்கும்போது என்கோடிங் என்ற இடத்தில் யுடிஎஃப்-8 (யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் முறை) இருக்கிறதா என்று பாருங்கள். பழைய விண்டோஸில் 'ஆன்சி' என்று இருந்தால் தமிழ் எல்லாம் கேள்விக்குறி ஆகிவிடும்.

4. முதலில் ஃபோல்டர் பெயர், அப்புறம் கோப்புப் பெயர்

எல்லாரும் உடனே கோப்பின் பெயரைத்தான் வெட்டப் போவார்கள். நாற்பது கோப்பு என்றால் நாற்பது முறை வெட்ட வேண்டும். மேலே இருக்கும் ஃபோல்டர் ஒன்றின் பெயரிலிருந்து 30 எழுத்தைக் குறைத்தால் உள்ளே இருக்கும் அத்தனை பாதைகளும் ஒரே நொடியில் 30 குறையும்.

என் கணினியில் 'பழைய கணினி - டெஸ்க்டாப் - முழு நகல் - கடைசியாக எடுத்தது' என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் 'இணையவழி வகுப்புகள் - வீடியோ பதிவுகள்'. அதற்குள் மறுபடியும் 'வகுப்புகள் - வீடியோ'. ஒரே சங்கதியை மூன்று முறை சொல்லியிருக்கிறேன். முதலாவதை 'பழையது' என்றும் இரண்டாவதை 'வகுப்பு' என்றும் மாற்றி, மூன்றாவதில் இருந்தவற்றை வெளியே நகர்த்திவிட்டு அந்த ஃபோல்டரை எடுத்துவிட்டேன். கோப்பின் பெயர் ஒன்றையும் தொடாமல் முக்கால்வாசி வீடியோக்கள் திறந்துகொண்டன.

இன்னும் எளிய வழி, அந்த ஃபோல்டரையே தூக்கி டிரைவின் மேல்மட்டத்துக்கு நகர்த்துவது. டெஸ்க்டாப்பில் இருப்பது போலத் தெரியும் ஃபோல்டர் உண்மையில் சி டிரைவ், யூசர்ஸ், உங்கள் பயனர் பெயர், டெஸ்க்டாப் என்று நான்கு படி கீழே இருக்கிறது. கிளவுடில் ஒத்திசைக்கும் ஃபோல்டர் என்றால் அந்தச் சேவையின் பெயரும் நடுவில் நுழைந்துகொள்ளும். ஒரே டிரைவுக்குள் நகர்த்தினால் எவ்வளவு பெரிய வீடியோவும் நொடியில் முடியும். வேறு டிரைவுக்கு என்றால் முழுவதையும் நகலெடுக்க வேண்டும், நேரம் பிடிக்கும்.

அதற்குப் பிறகும் எஞ்சும் கோப்புகளுக்குப் பெயர் மாற்றுங்கள். அப்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு.

சப்டைட்டில் கோப்பு தனியாக இருந்தால் அதற்கும் அதே பெயரை வையுங்கள். பெரும்பாலான ப்ளேயர்கள் பெயர் ஒத்துப் போவதைப் பார்த்துத்தான் சப்டைட்டிலைத் தானாக எடுத்துக்கொள்கின்றன.

கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வருவதைத் தொடாதீர்கள். அது உங்கள் திரையில் தெரியாமல் மறைந்திருந்தால், இல்லை என்று நினைத்துப் புதிதாகச் சேர்க்கவும் வேண்டாம்.

ப்ளேலிஸ்ட் வைத்திருந்தால், அதில் பழைய பாதைதான் எழுதப்பட்டிருக்கும். ஃபோல்டரைத் தொட்டாலும் கோப்பைத் தொட்டாலும் அது உடையும். புதிதாக உருவாக்குவதே சுலபம். பாட்டுக் கோப்புகளின் உள்ளே இருக்கும் பாடகர், ஆல்பம் விவரங்கள் பெயர் மாற்றினாலும் அழியாது, பயப்பட வேண்டாம்.

இன்னும் பதிவிறங்கிக்கொண்டிருக்கும் கோப்பின் பெயரை மாற்றாதீர்கள், முடியட்டும்.

கோப்புகள் நிறைய என்றால் மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் தொகுப்பில் பவர்ரீநேம் என்ற கருவி இருக்கிறது, இலவசம். எல்லாப் பெயர்களிலும் திரும்பத் திரும்ப வரும் சொற்றொடரை ஒரே வீச்சில் எடுத்துவிடலாம். மாற்றும் முன் பழைய பெயரையும் புதிய பெயரையும் அருகருகே காட்டும். அந்தப் பட்டியலை ஒரு முறை கடைசி வரை படித்துவிட்டு அழுத்துங்கள்.

5. பெயரை மாற்றவே விடவில்லை என்றால்

பாதை மிக நீண்டுவிட்டால் விண்டோஸின் ஃபைல் எக்ஸ்ப்ளோரரும் கைவிரித்துவிடும். பெயர் மாற்ற முடியாது, நகர்த்த முடியாது, சில நேரம் அழிக்கவும் முடியாது. அப்படியானால் அந்தக் கோப்பு அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று கேட்பீர்கள். மேலே உள்ள ஃபோல்டரின் பெயரை நாம் நீட்டும்போது, உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் வரம்புக்குள் இருக்கிறதா என்று விண்டோஸ் பார்ப்பதில்லை. பேக்கப் மென்பொருள்களும் லினக்ஸ் கணினிகளும் இந்த வரம்பைக் கண்டுகொள்ளாமல் எழுதிவிடும்.

வழி: வெளியிலிருந்து உள்ளே போங்கள். மேல்மட்ட ஃபோல்டருக்கு 'அ' என்று பெயர் மாற்றுங்கள். உள்ளே நுழைந்து அடுத்ததற்கு 'ஆ'. இப்படி நாலைந்து ஃபோல்டர் சுருங்கியதும் கோப்பு எட்டும் தூரத்துக்கு வந்துவிடும். அதைச் சரிசெய்துவிட்டு ஃபோல்டர்களுக்கு நல்ல பெயராக வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் சரிப்படாவிட்டால் 7-ஸிப் மென்பொருளோடு வரும் ஃபைல் மேனேஜரைத் திறந்து அதன் வழியாகப் பெயர் மாற்றிப் பாருங்கள். நீண்ட பாதைகளை அது சமாளிக்கும், அதுவும் இலவசம்தான்.

இந்தக் கட்டத்தில் ஒரு பொறி இருக்கிறது. நான் விழுந்தது இதில்தான். நீண்ட பெயருள்ள கோப்பை அழிக்கப் போனால், 'ரீசைக்கிள் பின்னில் போட முடியாத அளவுக்குப் பெயர் நீளம், நிரந்தரமாக அழிக்கவா?' என்ற பொருளில் ஒரு கேள்வி வரும். வழக்கமான கேள்விதான் என்று நினைத்து 'யெஸ்' அழுத்தினால் கோப்பு போனது போனதுதான். 'கெட்டுப்போனது' என்று நான் நினைத்த அந்த இரண்டு பதிவுகளும் அப்படித்தான் போயின.

6. பெயரையே மாற்றக் கூடாத இடம் என்றால்

அலுவலகப் பகிர்வு ஃபோல்டர், வேறு ஒருவர் அடுக்கி வைத்திருக்கும் தொகுப்பு இப்படிச் சில இடங்களில் கை வைக்க முடியாது. அதற்கு ஒரு குறுக்குவழி உண்டு: உள்ளே ஆழத்தில் இருக்கும் ஒரு ஃபோல்டருக்குத் தற்காலிகமாக ஒரு டிரைவ் எழுத்தைக் கொடுத்துவிடலாம்.

கமாண்ட் ப்ராம்ப்ட் என்ற, கட்டளைகளை எழுத்தாக அடிக்கும் சாளரத்தைத் திறந்து எஸ், யு, பி, எஸ், டி என்ற ஐந்து எழுத்தை ஒரே சொல்லாக அடியுங்கள். இடைவெளி விட்டு, பயன்பாட்டில் இல்லாத ஒரு டிரைவ் எழுத்து, அதை ஒட்டி முக்காற்புள்ளி. மறுபடி இடைவெளி விட்டு, ஃபோல்டரின் பாதையை மேற்கோள் குறிக்குள். என்டர் தட்டினால் புதிய டிரைவ் ஒன்று முளைத்திருக்கும். அதன் வழியாகப் போய் வீடியோவைத் திறந்தால், ப்ளேயர் பார்க்கும் பாதை டிரைவ் எழுத்தும் கோப்புப் பெயரும் மட்டும்தான்.

கமாண்ட் ப்ராம்ப்டை 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறக்காதீர்கள். அப்படிச் செய்தால் உருவாகும் டிரைவ் அந்த அட்மின் சாளரத்துக்கு மட்டுமே தெரியும், எக்ஸ்ப்ளோரரில் வராது. 'கட்டளை வேலை செய்யவில்லையே' என்று பலர் குழம்புவது இதனால்தான். கணினியை மறுபடி தொடங்கினால் டிரைவ் மறைந்துவிடும். கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது, வேண்டும்போது மறுபடி அடித்துக்கொள்ளலாம்.

7. 260 வரம்பைத் தளர்த்தும் அமைப்பு

இதைத்தான் எல்லாரும் முதலில் பரிந்துரைக்கிறார்கள். நான் ஏழாவதாக வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

விண்டோஸ் 10இன் 1607 பதிப்பிலிருந்து, அதாவது 2016 முதல், இந்த வரம்பை நீக்கும் அமைப்பு இருக்கிறது. ப்ரோ பதிப்பு என்றால் குரூப் பாலிசி எடிட்டரில் கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், சிஸ்டம், ஃபைல்சிஸ்டம் என்று இறங்கி, 'எனேபிள் வின்32 லாங் பாத்ஸ்' என்பதை 'எனேபிள்டு' ஆக்க வேண்டும். ஹோம் பதிப்பில் இந்த எடிட்டர் இல்லை, விண்டோஸின் உள் அமைப்புகளை மாற்றும் ரெஜிஸ்ட்ரி எடிட்டரில்தான் செய்ய வேண்டும்: எச்கீ லோக்கல் மெஷின், சிஸ்டம், கரண்ட்கண்ட்ரோல்செட், கண்ட்ரோல், ஃபைல்சிஸ்டம். அங்கே வலப்பக்கம் 'லாங்பாத்ஸ்எனேபிள்டு' என்ற வரி இருக்கும், அதன் மதிப்பை 0இலிருந்து 1 ஆக்குங்கள். வேறு எதையும் தொடாதீர்கள். மாற்றும் முன் அந்த ஃபைல்சிஸ்டம் கிளையை 'எக்ஸ்போர்ட்' கொடுத்து ஒரு நகல் எடுத்து வைப்பது நல்லது. பிறகு கணினியை ஒரு முறை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

சரி, ஏன் ஏழாவது? இந்த அமைப்பு பாதி வழிதான். 'எனக்கு நீண்ட பாதை தெரியும்' என்று ஒரு குறிப்பை மென்பொருளை எழுதியவர்களும் அதற்குள் வைத்திருக்க வேண்டும். அது இல்லாத ப்ளேயருக்கு நீங்கள் 1 போட்டாலும் 0 போட்டாலும் ஒன்றுதான். நான் மாற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்து ஆவலோடு திறந்தேன், அதே கறுப்புத் திரை, அதே வரி. ப்ளேயரின் புதிய பதிப்பைப் போட்டு ஒரு தடவை முயன்று பாருங்கள். இல்லாவிட்டால் நான்காவது படிதான் கதி.

8. லினக்ஸ், ஆண்ட்ராய்டு: வேறு கணக்கு

இங்கே பாதைக்கு 4,096 பைட் வரை இடம் இருப்பதால் ஃபோல்டர் ஆழம் பொதுவாகத் தொல்லை தராது. தனிப் பெயரின் நீளம்தான் தொல்லை. ஈஎக்ஸ்டி4 என்ற கோப்பு அடுக்கும் முறையில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். மேலே பார்த்த 'கோப்பு' இங்கே 18 பைட். 255ஐ 3ஆல் வகுத்தால் 85 குறியீடு, கண்ணால் எண்ணும் எழுத்தாகப் பார்த்தால் ஐம்பது சொச்சம்தான். முகப்பு ஃபோல்டர் ஈக்ரிப்ட்எஃப்எஸ் முறையில் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் 143 பைட்டிலேயே நின்றுவிடும்.

ஆகவே விண்டோஸில் ஒழுங்காக இருந்த தமிழ்ப் பெயருள்ள வீடியோ, தொலைபேசிக்கு மாற்றும்போது பாதியில் நிற்கலாம். நகலெடுக்கும் கருவி எந்தக் கோப்பில் தடுக்கியது என்று எல்லா நேரமும் தெளிவாகச் சொல்லாது, சில சமயம் மொத்த வேலையையும் நிறுத்திவிடும். மாற்றுவதற்கு முன்பே நீண்ட தமிழ்ப் பெயர்களைச் சுருக்கிவிடுங்கள். இங்கே ஃபோல்டரைச் சுருக்கிப் பயனில்லை, கோப்பின் பெயரையேதான் வெட்ட வேண்டும்.

9. அடுத்த முறை நீளாமல் இருக்க

ஸிப் கோப்பை விரிக்கும்போது, அது இருக்கும் இடத்திலேயே விரிக்காமல் டிரைவின் மேல்மட்டத்தில் '1' என்ற ஃபோல்டருக்குள் விரியுங்கள். விண்டோஸோடு வரும் ஸிப் வசதி நீண்ட பாதையில் தடுக்கி விழும். ஸிப்பின் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் அதே பெயரில் இன்னொரு ஃபோல்டர் என்று பாதை நீள்வது பெரும்பாலும் இங்கேதான்.

பதிவிறக்கும் கருவி, வீடியோவின் தலைப்பை அப்படியே கோப்பின் பெயராக வைத்தால், அதில் நீளத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு உண்டா என்று தேடுங்கள். ஒய்டி-டிஎல்பி என்ற பதிவிறக்கும் கருவியில் 'ட்ரிம் ஃபைல்நேம்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. நான் தமிழ்த் தலைப்புகளுக்கு 60 கொடுத்து வைத்திருக்கிறேன், தொலைபேசிக்கும் சேர்த்துப் போதும்.

பெயரின் முதல் எழுத்தாக # குறியை வைக்காதீர்கள். இது நீளத்தோடு சேர்ந்ததில்லை, ஆனால் ப்ளேயரில் கோப்பு காணாமல் போவதற்கு இன்னொரு காரணம். எம்3யு ப்ளேலிஸ்ட்டில் # என்று தொடங்கும் வரியைக் குறிப்பு வரியாக எண்ணி ப்ளேயர் தாண்டிவிடும்.

நான் இப்போது வைக்கும் பெயரில் தேதி முதலில் வரும், அப்புறம் இரண்டு மூன்று சொல்: '2024-03-11 இயற்கணிதம் 4' மாதிரி. ஆசிரியர் பெயர், பாடத்தின் முழுத் தலைப்பு, 'முழு வகுப்பு உயர் தரம்' எல்லாம் பக்கத்திலேயே கிடக்கும் அந்த நோட்பேட் பட்டியலில் இருக்கின்றன.